கீச்சிடும் பிரேக்கும் வாயடைக்கும் வைத்தியமும்

காலை எட்டு மணி. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு சின்னக் கார் தெருமுனையில் திரும்புகிறது. பிரேக்கில் கால் வைத்ததும் "கீ...ச்" என்று ஒரு சத்தம். டீக்கடையில் நிற்பவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். கார் ஓட்டுபவருக்கு ஒரே வெட்கம். இந்தச் சத்தத்தை இன்றைக்கே ஒழித்துவிட வேண்டும் என்று முடிவு கட்டுகிறார். பிரேக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. சத்தம் போக வேண்டும், அவ்வளவுதான். கோளாறு தொடங்குவது இந்த இடத்தில்தான்!

மாலையில் யோசனைகள் வந்து குவிகின்றன. பக்கத்து வீட்டுக்காரர் "ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்க சார், கம்முன்னு ஆயிடும்" என்கிறார். அலுவலக நண்பர் "உப்புத்தாள் வெச்சு ஒரு தேய் தேய்ச்சா போச்சு" என்கிறார். மைத்துனரோ "பாட்டுச் சத்தத்தக் கொஞ்சம் கூட்டி வெச்சுக்கங்க மாமா" என்று சிரிக்கிறார். மூன்று பேருமே நல்லவர்கள்தான். ஆனால் மூன்று பேர் சொன்னதும் ஒன்றுதான்: பேசுகிறவனின் வாயைக் கட்டு. அவன் என்ன சொல்ல வருகிறான் என்று கேட்கும்படி ஒருவரும் சொல்லவில்லை.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடாது. பிரேக் வாயை மூடிக்கொண்டால் பிரேக் நன்றாகிவிட்டது என்றும் ஆகாது.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

சின்னக் கார்களில் பெரும்பாலும் முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக்கும் பின்சக்கரங்களில் டிரம் பிரேக்கும் இருக்கும். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டுதான் டிஸ்க். அதன் இரண்டு பக்கமும் இரண்டு பேட்கள். காலால் மிதித்ததும் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன், பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் வெளியே வந்து பேட்களை டிஸ்க்கின் மேல் அழுத்துகிறது. ஓடுகிற வண்டியின் வேகமெல்லாம் அந்த உராய்வில் சூடாக மாறி வெளியேறுகிறது.

எவ்வளவு சூடு? ஆயிரம் கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போய் ஒரே முறை நின்றால் வெளியாகும் சூடு, ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமானது. வேகம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. நிறுத்தும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்வதால் இந்த வேலையின் பெரும்பங்கு முன்சக்கரங்களின் தலையில்தான் விழுகிறது. நான்கு பேட்கள், உள்ளங்கை அளவுகூட இல்லாதவை, ஒரு குடும்பத்தையே தாங்கி நிறுத்துகின்றன.

பேட் டிஸ்க்கைப் பிடிக்கும், வழுக்கும், மறுபடி பிடிக்கும். இது ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான தடவை நடந்தால் டிஸ்க் மணிபோல் அதிரத் தொடங்கும். அந்த அதிர்வைத்தான் காது "கீச்" என்று கேட்கிறது. கரும்பலகையில் சாக்பீஸ் கீச்சிடுவதும் இதே கதைதான். சாக்பீஸை உடைத்துச் சின்னத் துண்டால் எழுதினால் கீச்சொலி பெரும்பாலும் நின்றுவிடும் என்று எல்லா வாத்தியாருக்கும் தெரியும். ஆக, பேட் நல்ல நிலையில் இருக்கும்போதும் சத்தம் வரலாம். இரவு மழையில் நனைந்த டிஸ்க்கில் மெல்லிய துரு படிந்திருக்கும். காலையில் நாலைந்து தடவை பிரேக் பிடித்ததும் துரு தேய்ந்து சத்தமும் போய்விடும். கடலோர ஊர்களில் இது அன்றாட நிகழ்ச்சி. இதற்குப் பயப்படத் தேவையில்லை.

ஆனால் எல்லாக் கீச்சும் அப்படியல்ல. பல பேட்களில் ஒரு சின்ன எஃகுத் தகடு பொருத்தப்பட்டிருக்கிறது. பேட்டின் உராய்வுப் பொருள் தேய்ந்து ஏறக்குறைய 2 மில்லிமீட்டருக்கு வந்ததும் அந்தத் தகடு டிஸ்க்கைத் தொட்டுக் கத்த வேண்டும் என்பதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். புதுப் பேட்டில் உராய்வுப் பொருள் சுமார் 10 மில்லிமீட்டர் கனம் இருக்கும். "என் காலம் முடிந்தது, மாற்றிவிடு" என்று சொல்வதற்காக ஒரு பொறியாளர் உட்கார்ந்து யோசித்து வடிவமைத்த சத்தம் அது! அந்தத் தகட்டை வளைத்துவிட்டு "சத்தம் போச்சு சார்" என்று வண்டியைக் கொடுக்கிறவர்களும் உண்டு. தீயணைப்பு மணி அடிக்கிறதென்று மணியின் கம்பியை அறுக்கிறவனுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

எண்ணெய் வைத்தியம் என்னும் கொலைபாதகம்

வைத்தியங்களிலேயே மோசமானது எண்ணெய். கதவுக் கீல் கீச்சிட்டால் எண்ணெய் விடுவது சரி. கீலின் வேலை வழுக்குவது. பிரேக்கின் வேலையோ பிடிப்பது. அங்கே எண்ணெய் விட்டால் சத்தம் நிற்கும் என்பது உண்மைதான்; வண்டிதான் நிற்காது.

பேட்டின் உராய்வுப் பொருளில் நுண்ணிய துளைகள் உண்டு. எண்ணெயோ கிரீஸோ பட்டால் அது உள்ளே இறங்கிவிடும். மேலே எவ்வளவு துடைத்தாலும் சூடேறும்போது மறுபடி மேலே கசியும். அந்தப் பேட்டைத் தூக்கி எறிய வேண்டியதுதான். ஒரு பக்கச் சக்கரத்தில் மட்டும் எண்ணெய் பட்டிருந்தால் ஆபத்து இன்னும் பெரிது: அவசரத்தில் பிரேக்கை அழுத்தும்போது வண்டி நேராக நிற்காமல் ஒரு பக்கமாக இழுக்கும். எதிரே லாரி வரும்போதா இதைக் கற்றுக்கொள்வது?

துரு நீக்கும் ஸ்ப்ரேயை அடிப்பதும், மண்ணெண்ணெயிலும் டீசலிலும் கழுவுவதும் இதே கணக்கில்தான் சேரும். இவை எல்லாம் எண்ணெய்ப் பசையை விட்டுச் செல்கின்றன. பெட்ரோலியக் கிரீஸ் காலிப்பரில் உள்ள ரப்பர் சீல்களை ஊத வைத்துக் கெடுத்துவிடும்.

உப்புத்தாள் வைத்தியம் அந்த அளவுக்குக் குற்றமல்ல. சூடேறிக் கண்ணாடிபோல் மினுங்கும் பேட்டின் மேல்தோலை லேசாகத் தேய்த்தால் பயன் உண்டு. ஆனால் பேட் ஏன் மினுங்கியது? காலிப்பர் இறுகிப்போய்ப் பேட் எந்நேரமும் டிஸ்க்கில் உரசிக்கொண்டிருந்தால்? மேல்தோலைத் தேய்த்துவிட்டு இறுகிய காலிப்பரை அப்படியே விட்டால், அடுத்த மாதமும் அதே கீச்சுதான். தலைவலிக்குத் தலையணையை மாற்றிய கதை.

இன்னொரு வாயடைப்பும் உண்டு. அதில் சத்தமே கிடையாது. பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே தள்ளி நிற்கும். அந்த இடத்தை நிரப்பப் பிரேக் ஆயில் கீழே இறங்குவதால் டப்பாவில் அளவு குறையும். ஒருநாள் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். உடனே ஆயிலை ஊற்றி நிரப்பிவிடுகிறார்கள். விளக்கு அணைந்துவிட்டது, மனம் குளிர்ந்துவிட்டது! ஆனால் பேட் தேய்ந்ததாலோ எங்கோ கசிவதாலோதான் அளவு குறைந்தது. அதைப் பார்க்காமல் ஊற்றுவதும் எண்ணெய் விடுவதும் ஒரே மனநிலையின் இரண்டு முகங்கள்.

சத்தத்தை அடக்கிய சரித்திரம்

இந்த மனநிலை இன்று நேற்று வந்ததல்ல. 1902-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஃபிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய அமைப்பில் உலோகம் உலோகத்தோடு உரசியது. காதைப் பிளக்கும் சத்தம். அதற்குச் சில ஆண்டுகளிலேயே பிரேக் பட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் நுழைந்தது. சூடு தாங்கியது, அமைதியாக உழைத்தது, விலையும் குறைவு. பல பத்தாண்டுகளுக்கு உலகம் முழுவதும் அதுவே ராஜா.

அந்த அமைதிக்கு யார் விலை கொடுத்தார்கள்? ஆஸ்பெஸ்டாஸ் தூசியை மூச்சில் இழுத்த தொழிலாளிகள். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பொருள்களில் வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் அதை முழுவதுமாகத் தடை செய்தது. இந்தியா அப்படி முழுத் தடை விதிக்கவில்லை. ஆகவே அட்டையில் பெயரே இல்லாத மலிவுப் பேட்டில் என்ன கலந்திருக்கிறது என்று வாங்குபவர் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

அப்படி இருந்தும் ஒர்க்‌ஷாப்புகளில் என்ன நடக்கிறது? சக்கரத்தைக் கழற்றியதும் காற்றுக் குழாயை எடுத்து "புஸ்" என்று அடித்துப் பிரேக் தூசியைப் பறக்க விடுகிறார்கள். அந்தக் கரும்புகைக்கு நடுவே முகமூடிகூட இல்லாமல் ஒரு பையன் நிற்கிறான். வீட்டில் செய்கிறவர்கள் வாயால் ஊதுகிறார்கள். ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதோ இல்லையோ, நுரையீரலுக்குள் போகவேண்டிய பொருள் அல்ல அது. பிரேக் கிளீனரால் நனைத்தோ, ஈரத்துணியால் ஒற்றியோ எடுத்தால் தூசி பறக்காது. இதற்குப் பெரிய செலவொன்றும் இல்லை. கொஞ்சம் அக்கறை வேண்டும், அவ்வளவே.

"எல்லாம் போச்சு சார்"

வீட்டு வைத்தியத்துக்குப் பயந்து ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறவருக்கு வேறொரு அனுபவம் காத்திருக்கிறது.

"சார், பேட் போச்சு, டிஸ்க்கும் போச்சு. எல்லாத்தையும் மாத்திடலாம்."

"எவ்வளவு தேஞ்சிருக்கு தம்பி?"

"பாத்தாலே தெரியுது சார்."

பார்த்தாலே தெரிந்துவிடுமா? எந்த அளவு வரை தேயலாம் என்று டிஸ்க்கிலேயே பெரும்பாலும் மில்லிமீட்டரில் பொறித்திருக்கிறார்கள். அளப்பதற்கு மைக்ரோமீட்டர் இருக்கிறது. அளந்து, எண்ணைச் சொல்லி, பழைய பேட்டைக் கையில் கொடுத்து, "இதனால் மாற்ற வேண்டும்" என்று சொல்கிற மெக்கானிக்குகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கும்பிடு போட வேண்டும். ஆனால் அளக்காமலேயே தீர்ப்புச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களும் சத்தத்தைக் கேட்பதில்லை, சத்தத்தை விற்கிறார்கள்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கும் பொருளையும் சேவையையும் பற்றித் தெரிந்துகொள்வது நுகர்வோரின் உரிமை என்கிறது. 2022-இல் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காகத் தொடங்கிய திட்டத்தில் எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனத் துறையும் ஒன்று. ஆனால் "எத்தனை மில்லிமீட்டர்?" என்று கேட்கத் தெரியாத கார்க்காரருக்கு எந்தச் சட்டம் வந்து என்ன பயன்?

"பிரேக்கில் கை வைக்கலாமா?"

இந்த இடத்தில் நியாயமான எதிர்ப்பு ஒன்று எழும். பிரேக் உயிர் காக்கும் உறுப்பு, தெரியாதவன் அதில் கை வைத்தால் உயிர் போகும், ஆகவே வீட்டில் தொடவே கூடாது என்பார்கள். இதைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. ஜாக்கி சரிந்து அடியில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. பிஸ்டனை உள்ளே தள்ளிவிட்டு, பெடலை மிதித்துப் பார்க்காமல் வண்டியை எடுத்து, முதல் மிதியில் பெடல் தரை வரை போய்ச் சுவரில் மோதியவர்களும் உண்டு.

ஆனால் இந்த வாதம் எண்ணெய் விடுகிறவரைத் தடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். "தொடாதே" என்று மட்டும் சொல்லி வைத்ததால்தான் பக்கத்து வீட்டு யோசனை ஜெயிக்கிறது. அறிவு இல்லாத இடத்தை வதந்திதான் நிரப்பும். பார்ப்பது வேறு, பிரிப்பது வேறு. பார்ப்பதற்கு எல்லாருக்கும் உரிமை உண்டு; கார் வைத்திருப்பவருக்கு அது கடமையும்கூட.

பார்ப்பது எப்படி? சமதளத்தில் வண்டியை நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்திவிட்டு, பிறகு ஜாக்கியில் ஏற்ற வேண்டும். ஜாக்கி தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு அல்ல. அடியில் ஸ்டாண்டு வைக்காமல் கை நீட்டக் கூடாது. சக்கரத்தைக் கழற்றியதும் வெளிப்பக்கப் பேட் கண்ணுக்குத் தெரியும். பலர் அதைப் பார்த்துவிட்டுத் திருப்தி அடைகிறார்கள். ஏமாற்றமே இங்கேதான்! காலிப்பர் நகரும் ஸ்லைடு பின்கள் இறுகிப்போனால் உள்பக்கப் பேட் வேகமாகத் தேயும். வெளியே பாதிக்கு மேல் மிச்சம் இருக்க, உள்ளே தகடு தெரியலாம். டார்ச் அடித்து உள்பக்கத்தையும் பார்க்க வேண்டும். 3 மில்லிமீட்டருக்குக் கீழே வந்துவிட்டால் மாற்றும் யோசனை தொடங்கட்டும். சரியான எல்லை அந்தக் காரின் கையேட்டில் இருக்கும். ஒரு பக்கம் மாற்றினால் எதிர்ப்பக்கச் சக்கரத்திலும் சேர்த்து மாற்ற வேண்டும்.

பேட் நிறைய இருந்தும் கீச்சிட்டால், கருவி கையாளப் பழகியவர் அடுத்த படிக்குப் போகலாம். காலிப்பரைத் திறந்து (ஹோஸில் தொங்க விடாமல் கம்பியால் கட்டி), பேட்டின் காதுகள் உட்காரும் இடத்தில் உள்ள துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்யலாம். ஸ்லைடு பின் கையால் தள்ளினால் வழுக்கிப் போகிறதா என்று பார்த்து, துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் சூடு தாங்கும் கிரீஸை மெல்லிசாகப் பூசலாம். பேட்டின் காதுகளிலும் முதுகிலும் அதே கிரீஸ் ஒரு மெல்லிய பூச்சு. டிஸ்க்கைத் தொடும் முகத்தில் ஒரு துளியும் படக் கூடாது. முதுகில் இருக்கும் மெல்லிய ஷிம் தகடு அதிர்வை உறிஞ்சுவதற்காக வைத்தது. முன்பு வேலை பார்த்தவர் அதைத் தொலைத்திருந்தால் கீச்சுக்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம். எல்லாம் பூட்டியபின், வண்டியை நகர்த்தும் முன்பே பெடல் கெட்டியாகும் வரை பல தடவை மிதிக்க வேண்டும். பிறகு ஆளில்லாத தெருவில் மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். புதுப் பேட் போட்டிருந்தால், மிதமான வேகத்திலிருந்து பலமுறை படிப்படியாக வேகம் குறைத்து, நடுநடுவே ஆறவிட்டுப் பழக்க வேண்டும்.

இதே கைகள் நின்றுவிட வேண்டிய எல்லையும் உண்டு. பிரேக் ஆயில் கசிவு, பிஸ்டனைச் சுற்றிய ரப்பர் கிழிசல், உள்ளே போக மறுக்கும் பிஸ்டன், டிஸ்க்கில் விரிசல், மிதித்தால் மெல்ல இறங்கிக்கொண்டே போகும் பெடல்... இவற்றில் எது தெரிந்தாலும் வண்டியை எடுக்கக் கூடாது. மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைக்க வேண்டும். "கீச்" மாறி "கரகர" என்று கேட்டால் இரும்போடு இரும்பு உரசுகிறது என்று அர்த்தம். அதற்குமேல் அன்று ஓட்டுவது தற்கொலைக்குச் சமம்.

மௌனம் சம்மதம் அல்ல

கடைசியாக ஒன்று. எல்லாப் பேட்களிலும் எச்சரிக்கைத் தகடு இருப்பதில்லை. பல மலிவுப் பேட்கள் கடைசி மில்லிமீட்டர் வரை வாயே திறக்காமல் தேய்ந்து தீரும். அதனால் சத்தமே இல்லாத காரின் சொந்தக்காரரும் நிம்மதியாக இருக்க முடியாது. கீச்சிடும் கார் குறைந்தபட்சம் ஒரு வாய்ப்பாவது தருகிறது.

தெருமுனையில் வெட்கப்பட்ட அந்த மனிதர் உண்மையில் அதிர்ஷ்டசாலி. அவருடைய வண்டி அவரிடம் பேசுகிறது. அதன் வாயில் எண்ணெய் ஊற்றாமல், டார்ச்சும் ஒரு ஸ்கேலும் எடுத்துக்கொண்டு குனிந்து பார்த்தால் போதும். பேட் நன்றாக இருந்தால் அரை நாள் வேலையில் கீச்சு போகும். தேய்ந்திருந்தால் மாற்றச் செலவாகும். இரண்டில் எதுவானாலும், பின்சீட்டில் புத்தகப் பையோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் மாலையில் வீடு திரும்புவார்கள்.

டீக்கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்!